மூன்றாவது வருஷக் கண்டம்

கார் கிளப் ஆரம்பிக்க என்னென்ன வேண்டும்? ஒரு பழைய கார், மூன்று பேர், பக்கத்தில் ஒரு டீக்கடை. காரின் சொந்தக்காரர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும். இரண்டாமவர் ‘பெட்ரோல் ஏறுதா பாருங்க ஸார்’ என்று சொல்ல வேண்டும். மூன்றாமவர் ஒன்றுமே சொல்லாமல் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்க்க வேண்டும். வண்டி கிளம்புகிறதோ இல்லையோ, அரை மணி நேரத்தில் கிளப் பிறந்துவிடும். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் பெயர் சூட்டு விழா.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. பழைய கார்களுக்கான கிளப்புகளில் மூத்தவற்றில் ஒன்று இங்கிலாந்தின் வெட்டரன் கார் கிளப். லண்டனிலிருந்து பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்கு, 90 கிலோமீட்டர் சொச்சம், கிழட்டு கார்களை வருஷா வருஷம் ஓட்டிக்கொண்டு போவார்கள். 1930-ம் வருஷ ஓட்டம் முடிந்து அங்கே ஓல்ட் ஷிப் என்ற ஓட்டலில் மூன்று பேர் உட்கார்ந்து பேசியதில் பிறந்த கிளப் அது. (அந்த ஓட்டத்துக்கு மூலம் 1896. அதுவரை இங்கிலாந்தில் கார் போனால் அதற்கு முன்னால் ஒரு ஆள் நடந்து போக வேண்டும் என்று சட்டம். அதை நீக்கியதைக் கொண்டாடத்தான் முதன்முதலில் பிரைட்டனுக்கு ஓட்டினார்கள். தி.நகர் ரங்கநாதன் தெருப் பக்கம் காரில் போய்ப் பாருங்கள், சட்டம் இல்லாமலேயே முன்னால் நூறு பேர் நடப்பார்கள்.)

நம்ம ஊரிலும் உதாரணம் உண்டு. 1953-ல் சென்னையில் கார், பைக் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பித்தார்கள். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சும்மா கிடந்தது. அதில் ரேஸ் விட்டார்கள். ஜனங்கள் சோற்று மூட்டை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயப் பாதையே வந்துவிட்டது.

ஆகவே ஆரம்பிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் மூன்றாவது வருஷத்தில் இருக்கிறது. முதல் வருஷம் பதினைந்து பேர் உயிரைக் கொடுப்பார்கள். இரண்டாம் வருஷம் அறுபது பேர், டீ-ஷர்ட், பானர், பேப்பரில் போட்டோ. மூன்றாம் வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் தலைவரும் செயலாளரும் மட்டும் நின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளுக்குப் பாலாரிஷ்டம் மாதிரி கார் கிளப்புகளுக்கு இது ஒரு கண்டம். சென்னையின் தெற்குப் பக்கத்தில் இந்தக் கண்டத்தைத் தாண்டிய ஒரு கிளப்பை எனக்குத் தெரியும். தாண்டிய விதம் சுவாரசியமானது. வருகிறேன்.

முதல் சண்டை எப்போதுமே ‘எந்தக் காரைச் சேர்ப்பது’ என்பதுதான். ஒருவர் எல்லாக் காரும் வரட்டும் என்பார், மனசு பெரிசு. இன்னொருவர் 1970-க்கு முன்னால் பிறந்த கார்தான் கார், மற்றதெல்லாம் தகர டப்பா என்பார். (அவரிடம் 1968 மாடல் இருக்கும்.) என்னைக் கேட்டால், நூறு விதக் கார் வைத்திருக்கும் நூறு பேரைவிட, ஒரே மாதிரிக் கார் வைத்திருக்கும் பத்துப் பேர் மேல். காரணம் பாசமல்ல, ஸ்பேர் பார்ட்ஸ்.

யோசித்துப் பாருங்கள். அம்பாஸடர் 1950-களின் கடைசியில் வந்தது, 2014 மே மாதத்தோடு நின்றது. ஃபியட்டாக வந்து 1974-ல் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி 2000-ம் ஆண்டு வாக்கில் போனது. கான்டஸா அதற்குக் கொஞ்சம் பின்னால் போயிற்று. 1983 டிசம்பரில் வந்து மிடில் கிளாஸையே காரில் ஏற்றிய மாருதி 800 கூட 2014 ஜனவரியில் விடைபெற்றுவிட்டது. சென்னைக்காரர்களின் செல்லமான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961-ல் நம்ம வண்டலூர்ப் பக்கத்து ஃபாக்டரியில் பிறந்தது. நாலு கதவு ஹெரால்டு என்று ஒன்று இங்கிலாந்தில்கூடக் கிடையாது, இங்கே மட்டும்தான் செய்தார்கள். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் சேர்ந்து வண்டியின் மூஞ்சியே முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை.

இந்தக் கார்களில் ஒன்றுக்கு ஒரு ரப்பர் பீடிங் வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? புதுப்பேட்டைக்குப் போய்ச் சந்து சந்தாக அலைவீர்கள். ஒருவர் போய் ஒரு பீடிங் கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பத்துப் பேருக்காக ஒருவர் போய்ப் பத்து செட் கேட்டால் ஸ்டூலைத் தூசி தட்டிப் போடுவார். அச்சில் ஊற்றி ரப்பர் பாகம் செய்கிற பட்டறைக்காரர்களும் அப்படித்தான். ஒன்று என்றால் ‘பார்க்கலாம் ஸார்’. நாற்பது என்றால் ‘எப்ப வேணும் ஸார்?’ கார் கிளப்பின் பொருளாதாரமே இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில் இருக்கிறது.

அடுத்தது, கார் இல்லாதவனைச் சேர்க்கலாமா? அவசியம் சேர்க்க வேண்டும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேரிடம் பைக்தான் இருக்கும். மீதிப் பேரிடம் பைக்குக்குத் தவணை இருக்கும். அதனால் என்ன? நான் சொன்ன கிளப்பில் ஒரு உறுப்பினர் மொபெட்டில் வருவார். அவருக்கு வயரிங் அத்துப்படி. ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடுகிற வண்டிகளை (பழைய வண்டிகளில் இது சகஜம்) பத்து நிமிஷத்தில் வழிக்குக் கொண்டுவருவார். பென்ஸில் வந்து இறங்கி, கூலிங் கிளாஸைக் கழற்றாமல் நின்றுவிட்டுப் போகிறவர்களைவிட இவர் நூறு மடங்கு உசத்தி. கார் விலைப்படி நாற்காலி போடுகிற கிளப் மூன்று வருஷம் வரை போகாது, முதல் ஆண்டு விழாவிலேயே உடையும்.

கூடுகிற இடம் பற்றி இரண்டு வார்த்தை. ஞாயிறு காலை ஆறரைக்குக் கூடி ஒன்பதுக்குள் கலைந்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் வெயில் ஏறும், டிராஃபிக் ஏறும், வீட்டில் சூடு ஏறும். யாருடைய பார்க்கிங் இடமாக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வையுங்கள். பழைய கார் நிற்கிற இடத்தில் ஆயில் சொட்டாமல் இருக்காது, அது அதன் கையெழுத்து. அந்தக் கையெழுத்து அட்டையில் இருந்தால் அடுத்த வாரமும் இடம் கிடைக்கும். ஓட்டல்காரரின் டைல்ஸில் இருந்தால் கிடைக்காது.

இனி டிரைவ். கூட்டமாகப் புறப்பட்டு மாமல்லபுரமோ வேடந்தாங்கலோ போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருவது. கேட்கச் சுலபம். இருபது பழைய கார்களை ஒன்றாக ஓட்டிக்கொண்டு போவது இருபது பூனைகளை மேய்த்துக்கொண்டு போவதற்குச் சமானம். இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. இருப்பதிலேயே மெதுவான வண்டி இரண்டாவதாகப் போக வேண்டும், முன்னால் வழிகாட்டி வண்டி. கடைசி வண்டியில் மெக்கானிக், கயிறு, தண்ணீர் கேன். நடுவில் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பொறுப்பு: பின்னால் வருகிற வண்டி கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்ப்பது. திருப்பத்தில் தெரியவில்லையா, நில். நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவன் நிற்பான், அவன் நின்றால் அவனுக்கு முன்னால் போகிறவன். இரண்டு நிமிஷத்தில் மொத்த வரிசையும் தானே நின்றுவிடும். போன் வேண்டாம், வாக்கி-டாக்கி வேண்டாம்.

ஏப்ரல், மே மாதத்தில் போனால் ஒரு வண்டியாவது கேளம்பாக்கத்துக்கு முன்னாலேயே மூச்சு வாங்கி நிற்கும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்ப் திரவத்தை இழுக்கத் தெரிந்தது, ஆவியை இழுக்கத் தெரியாது. ஈரத் துணியைப் பம்ப்மேல் போட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தால் சரியாகிவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் பைக்கில் போகிற நாலு பேர் நிறுத்தி, ‘பேட்டரி வீக்கா ஸார்?’ என்பார்கள். ஐந்தாவது ஆள் ‘வண்டி விலைக்கு வருமா?’ என்பார். கோபப்படக்கூடாது. இவர்களில் ஒருவர்தான் உங்கள் அடுத்த உறுப்பினர்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யமே கூடாது. ரோட்டில் ரேஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தாலே சிலருக்குக் கால் பெருவிரல் துடிக்கும். முதல் தடவையே வெளியே அனுப்பிவிடுங்கள், எச்சரிக்கை கடிதமெல்லாம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பின், முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். எதிரே டி.வி.எஸ்.ஸில் மனைவி குழந்தையோடு வருகிறவர் உங்கள் கிளப்பில் உறுப்பினர் இல்லை. அவருக்கு ரேஸ் நடப்பதாக யாரும் சொல்லவில்லை.

வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. இல்லை, போட்டிதான் வேண்டுமென்றால் டி.எஸ்.டி. என்று ஒரு அற்புதமான ஐட்டம் இருக்கிறது. டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ். ‘சராசரி 30 கிலோமீட்டர் வேகத்தில் 15 கிலோமீட்டர் போ’ என்று காகிதத்தில் கொடுப்பார்கள். சரியாக 30 நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும். 32 நிமிஷம் ஆனால் அபராதப் புள்ளி, 28 நிமிஷத்திலேயே போனாலும் அபராதப் புள்ளி. பல போட்டிகளில் லேட்டாக வருவதைவிட சீக்கிரம் வருவதற்குத்தான் அபராதம் ஜாஸ்தி. ஆபீஸ் போகிறவர்களுக்கு இந்தத் தத்துவம் உடனே பிடித்துவிடும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். கணவன் ஓட்டி மனைவி வழி சொல்லும் வண்டிகளில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வது நல்லது, வெளியே கேட்கும்.

பணம் என்று வந்தால் விளையாட்டுப் பேச்சு நின்றுவிடும். பத்துப் பேர் இருக்கும்வரை செயலாளர் பாக்கெட்டே வங்கி. முப்பது பேர் ஆளுக்கு 200 ரூபாய் மாதச் சந்தா கொடுத்தால் மாசம் 6,000, வருஷம் 72,000. இது ஒருவர் பாக்கெட்டில் இருந்தால் அவர் ஹரிச்சந்திரனாக இருந்தாலும் மூன்றாம் வருஷம் ‘அவர் வண்டிக்குப் புது டயர் எப்படி வந்தது?’ என்று பேச்சு வரும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்று ஒன்று இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். நோக்கம் என்ன, சந்தா எவ்வளவு, நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விதிமுறை எழுதிக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து என்று ஆகிவிட்டால் புது டயர் பேச்சு வராது.

பொருளாளராக மட்டும் கார் பைத்தியத்தைப் போடாதீர்கள். அவர் கணக்கெழுத உட்கார்ந்தால் பாதியில் எழுந்து யாரோ கொண்டுவந்த கார்ப்பரேட்டரைப் பார்க்கப் போய்விடுவார். நான் சொன்ன கிளப்பில் ஒரு உறுப்பினரின் மனைவி பொருளாளர். வங்கியில் வேலை. கார்களில் அவருக்கு இருக்கிற ஒரே அபிப்பிராயம், ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுக்க வந்தவை என்பது. பொருளாளர் பதவிக்கு இதைவிடத் தகுதி கிடையாது.

மூன்றாவது வருஷம் அந்த கிளப்புக்கும் கண்டம் வந்தது. குரூப்பில் அறுபத்து நாலு பேர், ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ தினசரி அறுபத்து நாலு. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தது ஐந்து பேர். அதில் காரோடு வந்தவர்கள் இரண்டு பேர், மீதி மூன்று பேர் ஆட்டோவில். ஏனென்றால் வண்டிகள் கிளம்பவில்லை.

கிளம்பாததற்குக் காரணங்கள் பல. இப்போது பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலே வேறு. 2025-க்குள் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய கார்களின் டியூப், வாஷர், டயஃப்ரம் எல்லாம் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. ஊறி, உப்பி, பிசுபிசுத்துப் போகும். ஓட்டாமல் இரண்டு மாசம் நிறுத்தி வைத்தால் டாங்க்கில் துரு. ஹோஸ்களை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கவும் செய்து கொடுக்கவும் ஆள் வேண்டும்.

காகித வேலைகளும் சேர்ந்துகொண்டன. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000. சிலர் ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்துகொண்டால் தப்பிக்கலாமே என்றார்கள். 2021-ல் வந்த அந்த விதி 50 வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு மட்டும். புதிதாகப் பதிவு செய்ய 20,000, புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கௌரவமாக வரும். ஆனால் அப்புறம் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டுக்கு வரலாம். அப்பா வாங்கிய காரில் மாமியாரை ஸ்டேஷனில் விட ஆசைப்படுகிறவர்களுக்கு இது உதவாது.

ஆனால் கண்டத்தின் நிஜமான காரணம் இதெல்லாம் இல்லை. அது பொதுக்குழுவில் தெரிந்தது.

அந்த கிளப்பின் வண்டிகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு வயதான மெக்கானிக். எல்லோருக்கும் பாய். எழுபதைத் தாண்டியவர். சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் புங்க மரத்தடிதான் பட்டறை. ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே வால்வு எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடுவார். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். ‘பாய், இதைக் கொஞ்சம் பாருங்க’, ‘பாய், ஐடிலிங் நிக்க மாட்டேங்குது’ என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள். டிரைவ் போனால் கடைசி வண்டியில் அவர்தான். வண்டிகள் ஓடியது அவரால். மத்தியானம் பிரியாணி போடுவார்கள். ஆண்டு விழாவில் சால்வை போர்த்தினார்கள். கிளப் டீ-ஷர்ட்டும் கொடுத்தார்கள், இரண்டு சைஸ் பெரிசு.

ஒரு மழைக் காலத்தில் அவர் வருவது நின்றது. ‘பாய் பிஸி போல’ என்றார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வண்டியாக வீட்டிலேயே நின்றது.

பொதுக்குழு அன்று பொருளாளர் அம்மாள் கணக்கு வாசித்தார். வங்கிக் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல். டீ-ஷர்ட் வகையில் இவ்வளவு. பானர், மேடை இவ்வளவு. நினைவுப் பரிசு இவ்வளவு. கேக் இவ்வளவு. (கேக் மேல் கார் படம் போட்டதற்குத் தனியாக.) எல்லாம் ஆயிரக் கணக்கில். கடைசியில், ‘மெக்கானிக் வகையில், இரண்டு வருஷத்தில், ஒன்றுமில்லை’ என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

யாரோ ஒருவர், ‘பாய் நம்ம ஆள் மேடம். குடுத்தாலும் வாங்க மாட்டார்’ என்றார்.

‘குடுத்துப் பார்த்தீங்களா?’ என்றார் அவர்.

ஹாலில் ஃபேன் சத்தம்தான் கேட்டதாம்.

கணக்குப் போட்டால் சாதாரண விஷயம். ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறையில் இருந்தால் இரண்டு ஸ்கூட்டராவது பார்ப்பார். அந்த வருமானத்தை விட்டுவிட்டு நாற்பது கார்களின் சொந்தக்காரர்களுக்கு இலவசமாக வேலை செய்து கொண்டிருந்தார். அவர்களில் எவரும் கெட்டவரில்லை. ஆபீஸில் ஓவர்டைம் இருநூறு ரூபாய் குறைந்தால் மெமோ எழுதுகிறவர்கள்தான். பிரியத்தைக் காட்டினால் கூலியைக் காட்ட வேண்டாம் என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொள்கிற ஆள்கள் நாலு பேர் இருப்பார்கள். பூ கட்டிக் கொடுக்கிற அம்மா, கல்யாணத்தில் போட்டோ எடுக்கிற நண்பன். பாய் அந்த லிஸ்டில் சேர்ந்துவிட்டார்.

தலைவர், செயலாளர், மொபெட் உறுப்பினர் மூன்று பேரும் சைதாப்பேட்டைக்குப் போனார்கள். பாய் பிஸி இல்லை. கண்ணில் புரை. வலது கண் மங்கல், இடது கண் அதைவிட மங்கல். பேரன்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பட்டறையில் விட்டுவிட்டுப் போவானாம். ‘ஏன் பாய் சொல்லலை?’ என்றதற்கு, ‘கேக்கலையே தம்பி’ என்றாராம். அவ்வளவுதான் சொன்னார், வருத்தமாகக்கூட இல்லை.

அந்த வருஷம் ஆண்டு விழா நடக்கவில்லை. கேக் இல்லை, பானர் இல்லை. கண் ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியிலேயே ஆயிற்று. அவர் பட்டறைக்கு வராமல் வீட்டில் இருந்த வாரங்களுக்கு கிளப் பணம் கொடுத்தது. சும்மா வாங்க மாட்டேன் என்றார். அட்வான்ஸ் என்று பொருளாளர் எழுதிக்கொண்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு என்று பேசி, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். வண்டியில் வேலை பார்த்தால் அந்தச் சொந்தக்காரர் தனியாகக் கொடுக்க வேண்டும். சந்தா 200-லிருந்து 300 ஆனது. அறுபத்து நாலு பேரில் முப்பது பேர் விலகிவிட்டார்கள். அதில் பாதிப் பேரின் வண்டியை யாரும் பார்த்ததே இல்லை.

பாயோடு இரண்டு ஐ.டி.ஐ. பையன்களையும் வரவழைக்கிறார்கள். பஸ் சார்ஜ், சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம், எல்லாம் வவுச்சர். ஐ.டி.ஐ.யில் இப்போது கம்ப்யூட்டரைச் சொருகிப் படிக்கிற எஞ்சின்களைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது சரிதான், சோறு போடப்போவது அதுதான். கார்ப்பரேட்டரையும் கான்டாக்ட் பாயிண்ட்டையும் அவர்கள் இங்கேதான் முதலில் பார்க்கிறார்கள். பாய்க்குப் பிறகு அந்தப் பகுதியில் இதைத் தொடத் தெரிந்த ஆள் இல்லை. அவருடைய தலைக்குள் இருப்பதைக் காகிதத்தில் இறக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு அன்ரூல்டு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஒன்பது வண்டிகள் வந்திருந்தன, ஒன்பதும் சொந்தக் காலில். ஒரு பழைய ஃபியட்டின் பானெட்டுக்குள் பாயும் ஒரு பையனும் தலையை விட்டிருந்தார்கள்.

“இந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருகணும் பாய்?”

“வண்டி சொல்ற வரைக்கும்.”

“இல்ல பாய், நோட்ல எழுதணும். எத்தனை சுத்து?”

பாய் கொஞ்சம் யோசித்தார். முழுக்க மூடிவிட்டு ஒன்றரைச் சுற்றுத் திறக்கச் சொன்னார். பையன் திருகினான். எஞ்சின் இருமிக்கொண்டே ஓடியது. “இன்னும் கால் சுத்து. மெதுவா. இப்ப கையை எடு. கேளு.”

சத்தம் சமமாக வந்து நின்றது. பையன் நோட்டை எடுத்து, கிரீஸ் விரலை பான்ட்டில் துடைத்துக்கொண்டு எழுதினான். எட்டிப் பார்த்தேன்: ‘ஒன்றரை சுற்று. பிறகு காதால் கேட்கவும்.’